பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ் இருந்தும் அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஏன் ஜெயிப்பதில்லை?

பேஸ்பாலில் தொடக்கப் பந்துவீச்சாளர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் இறங்குவார். ஒரு ஸ்கீன்ஸை வைத்து ஒரு சீசனின் 162 ஆட்டங்களை ஓட்ட முடியாது. 2025-ல் அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.97, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் சராசரியாக விட்டுக்கொடுத்தது இரண்டு ரன்கூட இல்லை. சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதே வாங்கினார். ஆனால் அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வி 10! மனசு ஆறவே இல்லை. அந்த ஆண்டு 30 அணிகளில் மிகக் குறைவாக ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே போகும் அடி) அடித்தது பைரேட்ஸ்தான்.

பந்துவீச்சில் கவலையில்லை, இளம் பந்துவீச்சாளர் பப்பா சாண்ட்லரும் முதன்மை அணிக்கு வந்துவிட்டார். அடிப்பதற்கு என் நம்பிக்கை கானர் கிரிஃபின். 2024 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) ஒன்பதாவதாக எடுத்த ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர். வேகம், பலம் இரண்டும் உண்டு. ஆனாலும் ஓர் இளைஞர் தலையில் எல்லாவற்றையும் ஏற்றக் கூடாது. உரிமையாளர் பணத்தை இறக்கி அனுபவமுள்ள பேட்டர்களையும் கொண்டுவரவேண்டும். ஸ்கீன்ஸ் அணியின் கட்டுப்பாட்டில் இருப்பது 2029 வரைதான், பிறகு அவர் வேறு அணிக்குப் போகலாம்.