வீட்டிலேயே கட்டிய 1176 பாணி கம்ப்ரஸரில் (திடீரென்று ஏறும் ஒலியைத் தானாக அடக்கும் கருவி) ஹம் என்கிற 'ம்ம்ம்' இரைச்சல் வருகிறது, மீட்டரும் பூஜ்ஜியத்தில் நிற்கவில்லை. எங்கே தேடுவது?

போர்டை ஆன்லைனில் வாங்கி, சின்ன இரும்புப் பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து இறுக்கிவிட்டு, வாடகை வீட்டு மாடியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் சால்டரிங் அயர்னைக் கீழே வையுங்கள். போர்டைத் தொடும் முன் காதால் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

இன்புட்டை ஷார்ட் செய்துவிட்டுக் கேளுங்கள். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஹம்மும் 50-இல் அடிவயிற்றிலிருந்து வந்தால், அது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அல்லது எர்த் லூப் (இரண்டு கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு சேர்ந்து உண்டாகும் வளையம்). ஒரு ஸ்தாயி மேலே, 100-இல் கொஞ்சம் கரகரப்போடு வந்தால் ரெக்டிஃபயருக்கு (ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பகுதி) பின்னால் இருக்கிற கண்டென்சரைப் பாருங்கள். காதுக்குப் பிடிபடவில்லை என்றால் கம்ப்யூட்டரில் பதிந்து ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள், முள் மாதிரி நிற்கும்.

என் பெட்டியில் 50. பாட்டை ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். கண்டென்சரில் மிச்சமிருந்த சார்ஜில் பாட்டு ஒரு மூச்சு ஓடியது. ஹம் மட்டும் அந்த நொடியே நின்றது. ஆக, ஆள் பெட்டிக்குள்தான் இருக்கிறான். டொராய்டு (வடை மாதிரி வட்டமான) டிரான்ஸ்ஃபார்மரின் நடு போல்ட்டைத் தளர்த்தி மெல்லத் திருப்பத் திருப்ப ஹம் ஏறி இறங்கியது. இன்புட் டிரான்ஸ்ஃபார்மர் அந்தப் புலத்தை அப்படியே உறிஞ்சிக்கொண்டிருந்தது. எவ்வளவு திருப்பியும் முழுதாகப் போகாததால் பவர் டிரான்ஸ்ஃபார்மரைத் தனி டப்பாவுக்கு மாற்றி, கேபிள் போட்டு இணைத்தேன். அழகில்லை, ஆனால் அமைதி. நீங்கள் திருப்பிப் பார்க்கும்போது அந்த போல்ட்டின் மேல்முனை மூடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் பெட்டியைத் தொட்டால் அதுவே ஷார்ட் ஆன ஒரு சுற்றாகி டிரான்ஸ்ஃபார்மரைப் பொசுக்கிவிடும்.

"எர்த் பின்னைப் பிடுங்கிவிடு, ஹம் போயிடும்" என்று யாராவது சொல்வார்கள். சொல்பவர் பெட்டியைத் தொடப்போவதில்லை. இரும்புப் பெட்டிக்கு எர்த் கட்டாயம். எர்த் லூப்தான் என்று உறுதியானால் ஆடியோ கேபிளின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கழற்றிப் பாருங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டு மூன்றாவது ஓட்டையில் உண்மையிலேயே எர்த் வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். நான் குடியிருக்கும் வீட்டில் வரவில்லை. பிளக் பாயிண்ட் மட்டும் மூன்று ஓட்டையோடு லட்சணமாக இருந்தது.

அடுத்தது மீட்டர். 1967-இல் அமெரிக்க ஒலிப் பொறியாளர் பில் புட்னம் கொண்டுவந்த இந்த டிசைனில் ஒலியை அடக்குவது ஒரு எஃப்.இ.டி. (கேட், டிரெயின், சோர்ஸ் என்று மூன்று கால் உள்ள ஒரு வகை டிரான்சிஸ்டர்); மீட்டரை ஓட்டுவது அதற்கு ஜோடியாக இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முள் சொல்வது பொய். 2என்5457 என்று ஒரே நம்பர் போட்டிருந்தாலும், டேட்டாஷீட்டிலேயே அதன் கட்-ஆஃப் வோல்டேஜ் (எஃப்.இ.டி. முழுக்க மூடிக்கொள்ளும் வோல்டேஜ்) 0.5-லிருந்து 6 வரை இருக்கலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. கடையில் ஜோடி பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்றார். ஒரு கைப்பிடி வாங்கிவந்து நானே பிரித்தேன். 9 வோல்ட் பேட்டரி, கேட் கிரவுண்டில், டிரெயின் பிளஸ்ஸில், சோர்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 மெகா ஓம். சோர்ஸில் மல்டிமீட்டர் காட்டுவது ஏறக்குறைய அந்தக் கட்-ஆஃப். நெருங்கி வருகிற இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். விரலால் பிடித்துக்கொண்டே அளக்காதீர்கள், கைச்சூட்டுக்கே நம்பர் நகரும். சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெட்டி நன்றாகச் சூடேறிய பிறகுதான் பூஜ்ஜியம் வைக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் க்யூ பயாஸ், அதாவது சும்மா இருக்கும்போது எஃப்.இ.டி. எந்த அளவில் நிற்க வேண்டும் என்று வைப்பது. அட்டாக் குமிழை (ஒலியை எவ்வளவு வேகமாகப் பிடிக்க வேண்டும் என்று வைப்பது) ஆஃபில் வைத்து 1 கிலோஹெர்ட்ஸ் கொடுங்கள். எஃப்.இ.டி. முழுக்க மூடும்படி போர்டில் அதற்கென்று இருக்கிற டிரிம்மரை (திருப்பிச் சரிசெய்யும் சின்னத் திருகு) ஓரத்துக்குத் தள்ளி, அவுட்புட்டைப் பிளஸ் 1 டிபியில் (டெசிபல்) நிறுத்துங்கள். பிறகு சரியாக 1 டிபி இறங்கும்வரை டிரிம்மரைத் திருப்புங்கள். இதை விட்டுவிட்டு மீட்டரோடு மல்லுக்கட்டுவது வீண்.

"பிளகின் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?" என்று, கம்ப்யூட்டருக்குள்ளேயே கம்ப்ரஸர் வேலையைச் செய்யும் சாஃப்ட்வேரைச் சொல்லி, கீழே வந்து எழுதப்போகிறவர்களுக்கு: மேலூர்ப் பக்கம் முளைப்பாரிப் பாட்டுப் பதிந்திருக்கிறீர்களா? பாடுகிற அம்மா முணுமுணுப்பாக எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள், திடீரென்று எல்லாரும் சேர்ந்து குலவை போடுவார்கள். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸிலேயே அந்தக் குலவை கிழிந்துவிட்டால் பின்னால் எந்தப் பிளகினும் தைக்காது. 1176-இன் அட்டாக் 20 மைக்ரோ செகண்டிலிருந்து 800 வரை. குலவை எழும்போதே பிடித்துவிடும். கெயினைக் குறைத்து 24 பிட்டில் பதியலாமே என்பீர்கள். பதியலாம், தவறே இல்லை. எனக்கு இப்படிப் பிடித்திருக்கிறது. பிளகினை மட்டம் தட்டவில்லை. மிக்ஸிங்கில் நானும் அதைத்தான் போடுகிறேன்.

எங்கப்பா மைக் செட் வைத்திருந்தவர். கொடை, காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் முதல் ஆளாகப் போய்க் குழாய் கட்டி, கடைசி ஆளாகக் கழற்றிக்கொண்டு வருவார். பந்தல்காரருக்கு அன்றைக்கே காசு, பூக்காரருக்கு அன்றைக்கே காசு. மைக் செட்காரர் மட்டும் "ரெண்டு நாள் கழிச்சு வாங்கண்ணே". இன்றைக்கும் அதேதான். எல்.இ.டி. சுவருக்கு வாடகை கேட்டதும் தருகிறவர்கள், சவுண்டுக்கு வரும்போது மட்டும் பேரம் பேசுகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. இது முடிந்த தெம்பில் அடுத்து எல்.ஏ.-2ஏ என்கிற இன்னொரு பழைய கம்ப்ரஸரைக் கட்டலாம் என்று தோன்றும். அது வால்வு, உள்ளே சில நூறு வோல்ட் டி.சி. ஓடும், அணைத்த பிறகும் கண்டென்சரில் தங்கும். 1176-இல் டிரான்ஸ்ஃபார்மரின் மெயின்ஸ் பக்கம் தவிர சில பத்து வோல்ட்டில்தான் வேலை. கை பழகட்டும்.

ஹம் 50-ஆ 100-ஆ, டிரான்ஸ்ஃபார்மர் டொராய்டா சாதா இரும்பா, இன்புட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எவ்வளவு தூரம், இந்த மூன்றையும் கமெண்டில் எழுதுங்கள். பெட்டியைத் திறந்து ஒரு போட்டோவும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.