எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை? கண்டுபிடிப்பது எப்படி?

வயிற்று உப்புசத்துக்காகப் பால், கோதுமை, வெங்காயம், பூண்டு, பருப்பு எல்லாவற்றையும் ஆறு மாதமாக நிறுத்திவிட்டேன். இப்போது பரவாயில்லை. இப்படியே தொடரலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம். ஐந்தையும் ஒன்றாக நிறுத்தியதால் எது காரணம் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. ஒன்றுக்காக மற்ற நான்கையும் வீணாக விட்டுக்கொண்டிருக்கலாம். நிறுத்திப் பார்க்க இரண்டு முதல் ஆறு வாரம் போதும். அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். அதுதான் சோதனையே. பலரும் அங்கேதான் பயந்து நின்றுவிடுகிறார்கள்.

பாலில் தொடங்குங்கள். முதல் நாள் கால் டம்ளர், மறுநாள் அரை, மூன்றாம் நாள் ஒரு டம்ளர். மற்ற சாப்பாட்டில் எந்த மாற்றமும் வேண்டாம். உப்புசம் வந்தால் நிறுத்தி, வயிறு சரியான பிறகு அடுத்ததற்குப் போங்கள். பால் சேராத பலருக்குத் தயிர் சேரும் என்பதால் அதைத் தனியாகச் சோதியுங்கள். சாப்பிட்ட நேரம், அளவு, தொந்தரவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். தூக்கம் கெட்ட நாளையும் மாதவிடாய் நாட்களையும் குறியுங்கள், அவையும் வயிற்றைப் படுத்தும்.

வெங்காயத்தையும் பூண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டிலும் உள்ள, வாயுவை உண்டாக்கும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரைப் பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் சாம்பாரில் கொதித்த வெங்காயத்தை எடுத்து ஒதுக்கிப் பயனில்லை. பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் கிடைக்கும், உப்புசம் வராது. மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய உணவுமுறையில் இதுவும் ஒரு வழி.

சப்பாத்தியை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. இப்போது செலியாக் பரிசோதனை செய்யலாமா?
– வாசகர், சேலம்

கோதுமையை நிறுத்தும் முன்பே செய்திருக்க வேண்டும். செலியாக் என்பது கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய். குளூட்டன் சாப்பிடும்போது உடலில் உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் அந்த ரத்தப் பரிசோதனை தேடுகிறது. நிறுத்தினால் அது குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். மருத்துவரிடம் சொல்லுங்கள்; சில வாரங்கள் மறுபடி கோதுமை சாப்பிடச் சொல்வார்.

சப்பாத்தியை விட்டவர் ரவை உப்புமா, சேமியா, பரோட்டாவை விட்டீர்களா? கடையில் வாங்கும் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

லேப் பேக்கேஜில் பல உணவுகளுக்கு ஐஜிஜி அதிகம் என்று வந்திருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்தவா?
– வாசகி, கோவை

ஒன்றையும் நிறுத்தாதீர்கள். நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் ஐஜிஜி என்ற ரத்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் காட்டுகிறது. ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவச் சங்கங்களே சொல்லியிருக்கின்றன. இதை நம்பிப் பாதிச் சாப்பாட்டை விட்டு மெலிந்துபோகிறவர்களைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இறால் சாப்பிட்டதும் உதடு வீங்கி மூச்சு வாங்கியது. கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

கூடவே கூடாது, ஒரு துண்டு கூட. இது உயிருக்கு ஆபத்தாகலாம். ஒவ்வாமை நிபுணரிடம் போங்கள்.

இரண்டு வயதுக் குழந்தைக்குக் கரப்பான். பாலையும் முட்டையையும் நிறுத்தவா?
– வாசகி, மதுரை

நீங்களாக நிறுத்தாதீர்கள். வளர்ச்சி பாதிக்கும். அதோடு, கரப்பான் உள்ள குழந்தைக்கு ஒரு உணவை நெடுநாள் விலக்கித் திரும்பக் கொடுக்கும்போது கடும் ஒவ்வாமையே வரலாம். மருத்துவர் நிறுத்தச் சொன்னால் எத்தனை வாரம், திரும்பக் கொடுப்பது வீட்டிலா மருத்துவமனையிலா, பாலுக்குப் பதில் என்ன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.