படபடப்பு எங்கிருந்து வருகிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் மதுரைக்காரன். வயது 34. பெங்களூரில் விஜயநகரில் குடியிருக்கிறேன், ஆபீஸ் ஒயிட்ஃபீல்டில். நாலு மாதம் முன்பு ஒரு நாள் மாலை மெட்ரோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். எம்.ஜி.ரோடு தாண்டி ரயில் தரைக்கடியில் இறங்கியதும் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. மூச்சு முட்டியது. உதடு மரத்து, கைவிரல்கள் குவிந்து விறைத்துக்கொண்டன. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். கப்பன் பார்க் ஸ்டேஷனில் யாரோ இறக்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். ‘ஒன்றுமில்லை, பேனிக் அட்டாக், டென்ஷனைக் குறையுங்கள்’ என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் அப்போது எனக்கு எந்த டென்ஷனும் இல்லை ஐயா, போனில் காமெடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பலமுறை வந்துவிட்டது. இப்போது ரயில் தரைக்கடியில் போகுமுன் ட்ரினிட்டி ஸ்டேஷனிலேயே இறங்கி ஆட்டோவில் வீட்டுக்குப் போகிறேன். ஆஸ்பத்திரி போனது மனைவிக்குத் தெரியும், இது தெரியாது. அம்மா தாயத்து மந்திரித்து அனுப்பியிருக்கிறார். நண்பர் ஒருவர் கொடுத்த, பதற்றத்தைக் குறைக்கும் ஆல்பிரசோலம் மாத்திரை பர்ஸில் இருக்கிறது. காரணம் என்னவென்று தெரிந்தால் சரிசெய்துகொள்வேன். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்றும் தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

‘ஒன்றுமில்லை’ என்ற அந்தச் சொல் எனக்குக் கோபத்தைத் தருகிறது. மாரடைப்பு இல்லை என்று சொல்லியிருக்கலாம். சாவை எதிரில் பார்த்துவிட்டு வந்தவரிடம் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? நான் மருத்துவர் அல்ல. என் அக்கா மகள் இதே அவஸ்தையில் இருந்தபோது அவளோடு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை வராந்தாவில் பலமுறை காத்திருந்தவன். அப்போது தெரிந்துகொண்டதையும் பிறகு தேடிப் படித்ததையும்தான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. முதல் தடவை ஏன் வந்தது, அதற்குப் பிறகு ஏன் விடாமல் வருகிறது. முதல் கேள்வியை நீங்கள் இத்தனை மாதமாகத் துருவிக்கொண்டிருக்கிறீர்கள். குணமாகும் வழி இரண்டாவதில்தான் இருக்கிறது. ஆனாலும் முதலாவதையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அது புரியாதவரை உங்கள் மனம் அமராது.

பயமே இல்லாதபோது எப்படி இவ்வளவு பயம் வந்தது என்கிறீர்கள். வரும். தூக்கத்திலிருந்து ஆளை எழுப்பிக்கொண்டுகூட வரும். மூளையில் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்தைக் கண்டு அஞ்சுவதில் அதற்குப் பெரும் பங்கு. ஒரு அபூர்வ நோயால் அது இரண்டு பக்கமும் சிதைந்துபோன மூன்று பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். அதில் ஒருவர் பாம்பைக் கையில் எடுத்து விளையாடக்கூடியவர், கத்தியைக் காட்டினாலும் அஞ்சாதவர். கார்பன் டை ஆக்சைடு 35 சதவீதம் கலந்த காற்றை ஒரு மூச்சு இழுக்கச் சொன்னபோது அவருக்குப் பேனிக் வந்துவிட்டது. மற்ற இருவருக்கும் அப்படியே. 2013இல் வெளியான ஆய்வு இது. வெளியே புலியும் வேண்டாம், உள்ளே கவலையும் வேண்டாம், உடம்புக்குள்ளிருந்து கிளம்பும் ஒரு சமிக்ஞை மட்டுமே போதும் என்று இதிலிருந்து தெரிகிறது. அதனால் காமெடி பார்த்துக்கொண்டிருந்தபோது வந்ததில் விநோதம் எதுவும் இல்லை.

அந்தச் சமிக்ஞை அன்றைக்கு ஏன் கிளம்பியது? நீங்கள் எழுதாத சிலவற்றை நான் கேட்கிறேன். அந்த வாரம் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? இரவில் அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங் இருந்ததா? மதியம் சாப்பிட்டீர்களா, அல்லது காபியிலேயே ஓட்டினீர்களா? சிலருடைய உடம்பு கஃபீனைத் தாங்காது, இரண்டு ஸ்ட்ராங் காபியே படபடப்பைக் கிளப்பிவிடும். முந்தின இரவு குடித்திருந்தால் அதுவும் ஒரு காரணமாகலாம். குடும்பத்தில் யாருக்காவது இப்படி வந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள். இந்தச் சுபாவம் ஓரளவு ரத்த வழியில் வருவது. நம் ஊர்ப்பக்கம் அதை மயக்கம் என்றும் காத்து கருப்பு என்றும் சொல்லிப் பூசாரியிடம் கூட்டிப்போயிருப்பார்கள். இப்படிச் சின்னச் சின்னதாகப் பலதும் சேர்ந்துதான் ஒரு நாள் தாக்குகிறது. இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட பெரும்பாலும் முடியாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இதயத் துடிப்பு சுவிட்ச் போட்ட மாதிரி சட்டென்று ஏறி, சட்டென்று நிற்பதாக இருந்தால் இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். படியேறும்போது நெஞ்சு வலித்தாலோ, வலி கைக்கும் தாடைக்கும் பரவினாலோ, பேனிக்தானே என்று நீங்களாக முடிவுகட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இப்போது அந்த விரல்கள். அன்று உங்களை மிகவும் மிரட்டியது அதுவாகத்தான் இருக்கும். மூச்சு முட்டுகிறது என்று தோன்றியதும் நீங்கள் வேகவேகமாக, ஆழமாக இழுத்திருப்பீர்கள். ஆக்சிஜன் உங்களுக்குக் குறையவே இல்லை, கார்பன் டை ஆக்சைடுதான் அளவுக்கு மீறி வெளியேறியது. அது குறைந்தால் ரத்தத்தின் காரத்தன்மை கூடும். கூடினால் ரத்தத்தில் செயல்படும் நிலையில் இருக்கும் கால்சியம் இறங்கும், நரம்புகள் தூண்டப்பட்டு உதடு மரக்கும், விரல் குவிந்து விறைக்கும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களும் சற்றுச் சுருங்குவதால் தலை சுற்றும், சுற்றியிருப்பதெல்லாம் நிஜமல்லாதது போல இருக்கும். மூச்சு நிதானமானதும் எல்லாம் தானாகத் திரும்பிவிடும். பக்கவாதம் அல்ல, பைத்தியமும் அல்ல. சிலர் காகிதப் பையில் மூச்சுவிடச் சொல்வார்கள், அதைச் செய்யாதீர்கள். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டாலே போதும்.

சரி, இரண்டாவது கேள்வி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஒருமுறை அரண்ட பிறகு உங்களுக்கு உங்கள் உடம்பே இருட்டாகிவிட்டது. படியேறினால் துடிக்கும் நெஞ்சு, கூட்டத்தில் வியர்க்கும் உள்ளங்கை, இவையெல்லாம் முன்பும் இருந்தவைதான், நீங்கள் கவனித்ததில்லை. இப்போது ஒரு துடிப்பு கூடினாலும் ‘வந்துவிட்டது’ என்று நினைக்கிறீர்கள். அந்த நினைப்பு அட்ரினலின் என்ற ஹார்மோனைச் சுரக்கவைக்கிறது, அது துடிப்பை இன்னும் ஏற்றுகிறது, ஏறிய துடிப்பு நினைப்பை உறுதிசெய்கிறது. இந்தச் சுழலை 1986இல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் விளக்கினார். இன்று பேனிக்குக்குத் தரப்படும் பேச்சு சிகிச்சைக்கு அது முக்கியமான அடிப்படை.

ட்ரினிட்டியில் இறங்குவதைப் பற்றி இதனால்தான் எனக்குக் கவலை. பேனிக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானே இறங்கிவிடும், நீங்கள் ரயிலுக்குள் இருந்தாலும் சரி, வெளியே இருந்தாலும் சரி. இறங்கி ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உங்கள் மூளை தப்பாகக் கற்றுக்கொள்கிறது. இன்று மெட்ரோ, நாளை லிஃப்ட், அப்புறம் சில்க் போர்டு டிராஃபிக் என்று ஒவ்வொன்றாக உங்கள் கையைவிட்டுப் போகும். என் அக்கா மகள் கடைசியில் அல்சூர் மார்க்கெட்டுக்குக்கூடத் தனியாகப் போகாமல் இருந்தாள். பர்ஸில் இருக்கும் மாத்திரையும் தாயத்தின் வேலையைத்தான் செய்கிறது. தவிர ஆல்பிரசோலம் பழக்கமாகிவிடக்கூடியது. நண்பர் கொடுத்தார் என்று விழுங்காதீர்கள். இதற்கென்று நீண்டநாள் எடுக்கும் மருந்துகள் வேறு இருக்கின்றன. அவை பலன் தரச் சில வாரம் ஆகும், தொடக்கத்தில் படபடப்பைக் கொஞ்சம் கூட்டவும் செய்யலாம். மனநல மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும்.

அக்கா மகளுக்குச் செய்ததைச் சொல்கிறேன். உளவியலாளர் அவளைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார். நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார். ஜூஸ் ஸ்ட்ரா ஒன்றை வாயில் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொன்னார். தலைசுற்றலும் படபடப்பும் மூச்சுமுட்டலும் வந்தன, ஒன்றும் ஆகவில்லை. வாராவாரம் இதைச் செய்தார்கள். அப்புறம் அவளை மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன் அனுப்பினார்கள். இப்போதும் அவளுக்கு எப்போதாவது படபடப்பு வருகிறது, வந்தாலும் அவள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறாள்.

உங்களுக்கு நிம்ஹான்ஸ் தூரமில்லை. பெயரைக் கேட்டுக் கூச்சப்பட வேண்டாம், தமிழ்நாட்டிலிருந்தும் தினமும் ஆட்கள் வருகிற இடம். முதலில் பேசிப்பார்க்க வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ். எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

வேலையை விடும் முடிவை இப்போது எடுக்காதீர்கள். இந்தப் படபடப்பு உங்களோடு மதுரைக்கும் பஸ் ஏறும். சிகிச்சை கொஞ்சம் நகர்ந்த பிறகும் ஊருக்குப் போகத் தோன்றினால் தாராளமாகப் போங்கள். அம்மாவின் தாயத்தைக் கழற்ற வேண்டாம், அவர் மனம் நோகும். மனைவியிடம் மட்டும் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள். முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு அவர் கூட வந்தால் நல்லது.