பாகம் மாறினால் கார் மாறிவிடுமா?

கேள்வி: பிரான்ஸின் 24 மணி நேர லே மான்ஸ் பந்தயத்தில் ஓடிய கார் என்று சொல்லி வெளிநாட்டு ஏலங்களில் கோடிக்கணக்கில் விற்கிறார்கள். விசாரித்தால் எஞ்சின் வேறு, பாடி வேறு என்கிறார்கள். எல்லாம் மாறிய பிறகும் அசல் கார் என்று விற்பது மோசடிதானே?
- வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. பாகத்தை மாற்றுவது மோசடி ஆகாது. மாற்றியதை மறைத்து விற்பதுதான் மோசடி. நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டீர்கள். ஏமாற்றி விற்பவர்களுக்கு வசதியாக இருப்பதும் இந்தக் குழப்பம்தான்.

இதே கேள்வி 1990-ல் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்துக்கே போனது. கார், 'ஓல்டு நம்பர் ஒன்' எனப்படும் பென்ட்லி ஸ்பீடு சிக்ஸ். 1929, 1930 என்று அடுத்தடுத்து இரண்டு முறை லே மான்ஸில் ஜெயித்தது. இரண்டு முறையும் அதை ஓட்டியவர்களில் ஒருவர் வூல்ஃப் பர்னாட்டோ. ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசிய கம்பெனி, 'இது அந்தக் காரே இல்லை' என்று பின்வாங்கியது. அது ஏலம் இல்லை, நேரடி விற்பனை. ஆனால் தகராறு நீங்கள் கேட்பதேதான்.

கம்பெனியின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 1932-ல் அந்தக் காரில் 8 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்தில் ஓட்டினார்கள். கார் தடத்தின் உயரமான சரிவைத் தாண்டிப் போய் விழுந்ததில், ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். பிறகு அதைச் சாலையில் ஓட்டும் கூப்பேயாக, அதாவது கூரை மூடிய இரண்டு கதவுக் காராக, கட்டினார்கள். பல காலம் கழித்து மறுபடி பந்தயக் காரின் தோற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1929-ல் லே மான்ஸில் ஓடிய இரும்பில் மிஞ்சியிருந்தது மிகக் கொஞ்சம்.

ஆனாலும் நீதிபதி ஆட்டன் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தார். 1929-ல் இருந்த நிலையிலேயே இருக்கிறதா என்றால் இல்லை, அதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் பந்தய அணியின் கார் என்பது ஓயாமல் கழற்றிப் பூட்டப்படுவது. புதுப் பாகங்கள் அவ்வப்போது வந்து சேர்ந்து, காரோடு காராகிவிட்டன. எந்தக் கட்டத்திலும் அது வேறு காராக ஆகவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாட உலகில் வேறு பென்ட்லியும் கிடையாது என்றார். விற்கப்பட்டது உலோகம் மட்டுமல்ல, அதன் வரலாறும் சேர்த்துத்தான் என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகவே படுகிறது. நடந்ததெல்லாம் வெளியே தெரிந்திருந்தது என்பதால்தான் அந்தக் காருக்காக நீதிமன்றத்தில் வாதாடவே முடிந்தது.

சரி, எதைக் கண்டு கோபப்பட வேண்டும்? ஃபெராரியின் பந்தயக் காரான 250 ஜிடிஓ மொத்தம் 36 கார்கள்தான் தயாராயின. அதில் ஒன்று 2018-ல் கலிஃபோர்னியாவின் மான்டரே ஏலத்தில் 4.8 கோடி டாலருக்கு மேல் போனது. இந்த விலையால் பலியானவை அதே ஃபெராரியின் 250 ஜிடிஇ கார்கள். நான்கு பேர் உட்காரும் அருமையான கார் அது. அதை வெட்டி, சேஸி எனப்படும் அடிச்சட்டத்தைக் குறுக்கி, மேலே ஜிடிஓ மாதிரி பாடி போட்டார்கள். நகல் என்று சொல்லி விற்றால்கூட ஓர் உண்மையான கார் அழிந்தது அழிந்ததுதான். பழைய பென்ட்லி சலூன் கார்களின் மூடிய பாடிகளைக் கழற்றி எறிந்துவிட்டு, லே மான்ஸ் பாணித் திறந்த பாடி மாட்டிய கதையும் இதேதான். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது.

அப்புறம் எண் விவகாரம். விபத்தில் சிக்கிய காரின் சேஸி ஒருவரிடம் போகும், எஞ்சினும் பாடியும் இன்னொருவரிடம் போகும். முப்பது நாற்பது வருடம் கழித்து இரண்டு பேருமே முழுக் காரைக் கட்டி, காரின் அடையாளமான ஒரே சேஸி எண்ணைச் சொல்வார்கள். இங்கே இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். போதாததற்கு, பளபளவென்று புதுப்பிக்கிறேன் என்று பழைய வெல்டிங்கையும் எண் குத்திய இடத்தையும் தேய்த்துவிட்டால், சரிபார்க்க இருந்த சாட்சியமும் போய்விடும்.

கார் அசலாகவே இருந்தாலும் யாருக்குச் சொந்தம் என்பது தனி வழக்கு. 1954-ல் செய்த ஒரு ஃபெராரி 375 பிளஸ், அமெரிக்காவின் ஒஹாயோவில் திருடுபோனது. பல ஆண்டு உரிமைத் தகராறுக்குப் பிறகு 2014-ல் இங்கிலாந்தின் குட்வுட்டில் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. சமரசம் ஆகிவிட்டது என்று நம்பித்தான் வாங்கினார்கள். ஏலம் முடிந்த பிறகும் வழக்கு ஓயவில்லை.

ஏலக் கம்பெனிகள் மீதுதான் எனக்குக் குறை. கேட்லாக்கில் பந்தய வெற்றிகளைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கடைசியில், பொடி எழுத்து நிபந்தனைகளில், இதெல்லாம் எங்கள் கருத்துதான், வாங்குபவர் தாமே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று கை கழுவுகிறார்கள். வாங்குபவரிடமும் கமிஷன் வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்வது அநியாயம். கார் எங்கே இருந்தது என்று தெரியாத ஆண்டுகள் எவை, எந்தப் பாகம் எப்போது மாறியது, இதே எண்ணுக்கு வேறு யாராவது உரிமை கோருகிறார்களா என்பதையெல்லாம் வெற்றிகளுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும்.

நீங்கள் கேட்லாக் படிப்பவர் என்றால், எஞ்சின் மாறியதா என்று தேடுவதற்கு முன்னால் உரிமையாளர் பட்டியலைப் பாருங்கள். 1961-க்கு அடுத்த வரி 1984 என்று இருந்தால், அந்த 23 வருடத்தைப் பற்றி எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.