ராத்திரி பிஸ்கட்டுக்கான விடை பகல்லதான் இருக்கு

கேள்வி: எனக்கு 36 வயசு, வேலைக்குப் போறேன். டயட் ஆரம்பிக்காத திங்கட்கிழமையே கிடையாது. காலைல வெறும் காபி, மதியம் ஒரு கப் சாலட், சாயங்காலம் வரைக்கும் கரெக்டா இருப்பேன். பசங்க தூங்கினதும் கிச்சன்ல லைட் கூட போடாம நின்னுக்கிட்டே ஒரு முழு பிஸ்கட் பாக்கெட்டை காலி பண்றேன். கவர் சத்தம் அவருக்குக் கேட்டுடக் கூடாதுன்னு கையால அமுக்கிப் பிடிச்சு பிரிப்பேன், அப்புறம் அந்தக் கவரை குப்பைத்தொட்டிக்கு அடியில தள்ளி விட்டுடுவேன். வாரத்துல மூணு நாலு நாள் இப்படித்தான். அப்பா போய் எட்டு மாசம் ஆச்சு, தினம் ராத்திரி ஒன்பதரைக்கு எனக்கும் தம்பிக்கும் போன் பண்ணுவார், அதுக்கப்புறம்தான் இது அதிகமாச்சோன்னும் தோணுது. எனக்கு மட்டும் ஏன் மனக்கட்டுப்பாடே இல்ல?
(பெயர் வேண்டாம்)

பதில்:

அந்தக் கவரை அமுக்கிப் பிடிக்கிற இடத்துல கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன்மா, ஏன்னா நானும் பிடிச்சிருக்கேன், எனக்கு அது சாக்லேட் ஃபாயில், அதை சின்ன உருண்டையா உருட்டி ஹேண்ட்பேக் ஜிப்புக்குள்ள போட்டுட்டு மறுநாள் ஆபீஸ் டஸ்ட்பின்ல போடுவேன், அதனால உங்களுக்கு புத்தி சொல்ற தகுதி எனக்கு இருக்கான்னு தெரியல, தெரிஞ்சதைச் சொல்றேன்.

மொதல்ல அந்த மனக்கட்டுப்பாடு மேட்டர். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் காபியிலயும் ஒரு கப் சாலட்லயும் வேலை பாத்து, பசங்களைப் பாத்து, வீட்டையும் ஓட்டற பொம்பளைக்கு கட்டுப்பாடு இல்லைன்னு யார் சொன்னா? உங்களுக்கு அது கொஞ்சம் ஓவராவே இருக்கு, அதுதான் பிரச்சனையே. பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு சும்மாவா சொன்னாங்க, பகல் பூரா பசியை அடக்கி அடக்கி வச்சுட்டு ராத்திரி பத்து மணிக்கு நம்ம புத்தி மட்டும் பறக்காம உக்காந்திருக்கணும்னா எப்படி?

இதுக்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கு. 1944, 45ல அமெரிக்காவுல மின்னசோட்டா யுனிவர்சிட்டியில ஆன்சல் கீஸ்னு ஒருத்தர், நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாசம் அரைப்பட்டினி போட்டார், போர்ல பட்டினி கிடந்த ஜனங்களை எப்படித் தேத்தறதுன்னு கண்டுபிடிக்க. அவங்களுக்குக் கிடைச்சது ஒரு நாளைக்கு சராசரியா 1570 கலோரி. (இன்னிக்கு போன்ல சுத்தற 1200 கலோரி டயட் சார்ட்டை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. அவங்க ஆம்பளைங்க, தினம் நிறைய நடக்கவும் வச்சாங்க, அதனால நேரா ஒப்பிட முடியாதுதான், இருந்தாலும்.) அதுக்கு முன்னாடி சாப்பாட்டைப் பத்தி யோசிக்கவே யோசிக்காதவங்க, சமையல் புத்தகத்தை வாங்கிச் சேத்து வச்சு உக்காந்து படிக்க ஆரம்பிச்சாங்க, தட்டை நக்கினாங்க, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்தாங்க. பட்டினி முடிஞ்சு இஷ்டத்துக்கு சாப்பிடலாம்னு விட்டப்போ சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் போதும்னே தோணல. மொத்தம் 36 பேருக்கும் மனக்கட்டுப்பாடு இல்லைன்னு சொல்லிட முடியுமா?

உடம்புக்கு டயட்டும் பஞ்சமும் வேற வேறன்னு தெரியாது. வெயிட் குறைஞ்சா கொழுப்புல இருந்து வர்ற லெப்டின், அதுதான் 'கையிருப்பு போதும்'னு மூளைக்கு சொல்றது, அது இறங்கிடுது, வயித்துல சுரக்கிற க்ரெலின், அது பசியைக் கிளப்பறது, ஏறிடுது. 2011ல ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ஒரு ஆராய்ச்சியில 50 பேரை 10 வாரம் கடுமையான டயட்ல வச்சுப் பாத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சும் அந்த ஹார்மோன்ல பலது பழைய நிலைக்கு வரல, பசியும் அடங்கல. நீங்க சண்டை போடறது இதோட, பாக்கெட்டோட இல்ல.

அடுத்தது, ரெண்டு பிஸ்கட்டோட ஏன் நிக்கல? நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்குங்கற கதைதான். 1975ல ஹெர்மன், மேக்னு ரெண்டு பேர் காலேஜ் பொண்ணுங்கள்ல சிலருக்கு மட்டும் மில்க் ஷேக் குடுத்துட்டு, அப்புறம் டேஸ்ட் பாக்கறதுக்குன்னு எல்லார் முன்னாடியும் ஐஸ்க்ரீமை வச்சாங்க. டயட் பத்தின கவலையே இல்லாதவங்க, மில்க் ஷேக் குடிச்சிருந்தா வயிறு நிறைஞ்சதால கொஞ்சமா எடுத்துக்கிட்டாங்க. டயட்ல இருந்தவங்கள்ல என்னடான்னா மில்க் ஷேக் குடிக்காதவங்களை விட குடிச்சவங்கதான் ஜாஸ்தி ஐஸ்க்ரீம் சாப்பிட்டாங்க, இன்னிக்குத்தான் கெட்டுப் போச்சே, நாளைல இருந்து பாத்துக்கலாம்னு. உங்களோட அந்தத் திங்கட்கிழமை இருக்கே, அதுதான் வியாழக்கிழமை பாக்கெட்டுக்கு லைசென்ஸ் குடுக்குது.

வயித்துப் பசி மெதுவா வரும், எதைக் குடுத்தாலும் ஏத்துக்கும், மனசுப் பசி திடீர்னு வந்து இதுதான் வேணும்னு நிக்கும், அதை வச்சு பிரிச்சுப் பாருங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, தப்பில்ல, ஆனா உங்களுக்கு இப்போ அது வேலைக்காகாது, ஏன்னா ராத்திரி பத்து மணிக்கு உங்ககிட்ட ரெண்டு பசியும் சேந்து நிக்குது. அதனால வயித்துப் பசியை மொதல்ல கிளியர் பண்ணிடுங்க. காலைல ஒழுங்கா சாப்பிடுங்க, மதியம் சாலட்டோட வயிறு நிறையற மாதிரி ஏதாவது இருக்கட்டும், சாயங்காலம் நாலஞ்சு மணிக்கு ஒரு தடவை. மொத ரெண்டு வாரம் வெயிட் ஏறிடுமோன்னு பயமாத்தான் இருக்கும், அந்த மெஷினை கட்டிலுக்கு அடியில தள்ளிடுங்க. தூக்கமும் பாத்துக்கோங்க, தூக்கம் கெட்டாலும் மறுநாள் பசி ஜாஸ்தியாகும்.

பிஸ்கட்டை வீட்ல வாங்கவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், தடை போட்டது எதுவும் கனவுல கூட வரும். சாப்பிடணும்னு தோணினா லைட்டைப் போடுங்க, தட்டுல எடுத்து வைங்க, உக்காந்து சாப்பிடுங்க. கேக்க சில்லறை விஷயமாத்தான் இருக்கும், செஞ்சு பாத்தா தெரியும், இருட்டுல நின்னு சாப்பிடறப்போ நாக்குக்கு ருசியே தெரியறதில்ல. பாக்கெட் முழுசும் போயிடுச்சா, போகட்டும், மறுநாள் காலை சாப்பாட்டை மட்டும் கட் பண்ணிடாதீங்க, அங்கதான் மறுபடி அந்தச் சக்கரம் சுத்த ஆரம்பிக்குது.

இப்போ அந்தக் கடைசிக்கு முந்தின வரிக்கு வரேன். அத்தனை வரி டயட் பத்தி எழுதிட்டு அப்பாவை ஒரே வரியில தள்ளி விட்டுட்டீங்க, அந்தக் கவரைத் தள்ளின மாதிரியே. தினம் ஒன்பதரைக்கு ஒரு குரல் வரும், சாப்பிட்டியான்னு கேட்டிருக்கும், அது நின்னு போச்சு, அந்த நேரத்துலதான் நீங்க கிச்சனுக்குப் போறீங்க. நான் டாக்டர் இல்ல, தப்பாவும் இருக்கலாம். துக்கம் நாள்கணக்கா உள்ள கிடந்தா கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் ஏறி, இனிப்பும் கொழுப்புமா சாப்பிடத் தூண்டும், சாப்பிட்டா கொஞ்ச நேரம் இதமாவும் இருக்கும், அது பொய்யில்ல, ஆனா பத்து நிமிஷத்துல தீந்துடும். நீங்க இன்னும் ஒழுங்கா அழவே இல்லையோன்னு எனக்குத் தோணுது. ஒன்பதரைக்கு தம்பிக்கு போன் பண்ணிப் பாருங்களேன், அவருக்கும் அந்த நேரம் காலியாத்தானே கிடக்கும்.

ஒண்ணு மட்டும் விளையாட்டா எடுத்துக்காதீங்க. நிறுத்தவே முடியாம வேக வேகமா நிறைய சாப்பிட்டு, மறைச்சு, அப்புறம் குமைஞ்சு போறது வாரத்துக்கு ஒரு தடவையாவது மூணு மாசமா நடக்குதுன்னா, அது பிஞ்ச் ஈட்டிங்கா இருக்கலாம், 2013ல இருந்தே அதைத் தனி நோயா வகைப்படுத்தியிருக்காங்க, சிகிச்சையும் இருக்கு. உங்க லெட்டரைப் பாத்தா ஒரு தடவை மனநல டாக்டரையோ கவுன்சிலரையோ பாக்கறது நல்லதுன்னுதான் எனக்குப் படுது. சாப்பிட்டதை வாந்தி எடுக்கறது, பேதி மாத்திரை போடறதுன்னு ஏதாவது இருந்தா இந்த வாரமே போங்க.

ஒரு மாசம் கழிச்சு எனக்கு எழுதுங்க. எத்தனை கிலோன்னு எழுத வேணாம், தம்பி என்ன சொன்னார்னு எழுதுங்க.