சிரைவழி உணவுப் பையில் என்னென்ன இருக்கும்?

குடல் அறுவை சிகிச்சைக்குப் பின் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர மருத்துவமனை ஒன்றில் இருக்கும் உங்கள் சித்திக்குப் பால் நிறத்தில் ஒரு பை மாட்டியிருப்பதாகவும், அது குளுக்கோஸ் டிரிப்தானா, புரட்டாசி விரதம் இருப்பவருக்கு அது ஆகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே ஊரில் மருத்துவமனை மருந்தகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

5 சதவீத குளுக்கோஸ் டிரிப் ஒரு லிட்டரில் 50 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. அதில் கிடைப்பது ஏறத்தாழ 170 கிலோகலோரி. 50 கிலோ எடையுள்ள நோயாளிக்கு நாளொன்றுக்கு 1,250 முதல் 1,500 கிலோகலோரி வரை தேவை. ஆகவே வெறும் டிரிப்பில் பல நாள் இருப்பவர் உண்மையில் பட்டினிதான் கிடக்கிறார். குடல் வேலை செய்யாதபோது அந்தக் குறையைத் தீர்க்கவே, சிரை எனப்படும் இரத்தக்குழாய் வழியாக உணவைச் செலுத்தும் இந்தப் பை.

பெரும்பாலும் இது மூன்று அறைகள் கொண்ட பையாக வரும். மேசைமேல் கிடத்தி மேலிருந்து சுருட்டி அழுத்தினால், இடையிலுள்ள ஒட்டுகள் விட்டு, குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்புப் பால்மம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கலந்து வெண்மையாகும். குளுக்கோஸும் கொழுப்பும் ஆற்றலுக்கு. அமினோ அமிலம், புண் ஆறுவதற்கும் தசை கரையாமல் இருப்பதற்கும் வேண்டிய புரதத்துக்கு. சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், பாஸ்பேட் ஆகிய உப்புகளும், வைட்டமின்களும், துத்தநாகம், செலினியம் போன்ற நுண்தாதுக்களும் உடன் சேரும். கால்சியமும் பாஸ்பேட்டும் அளவு மீறினால் பைக்குள்ளேயே படிந்துவிடும் என்பதால், வார்டில் யாரும் தம் விருப்பத்துக்கு எதையும் அதில் சேர்க்கக் கூடாது.

நெடுநாள் உண்ணாதவருக்கு முதல் நாளே முழு அளவு கொடுப்பதில்லை. திடீரென்று சர்க்கரை ஏறினால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயத்தையே பாதிக்கலாம். எனவே தயமின் (வைட்டமின் B1) கொடுத்து, இரத்தப் பரிசோதனை பார்த்து, மெதுவாக ஏற்றுவார்கள். மெதுவாக ஓடுகிறதே என்று செவிலியரிடம் கோபப்பட வேண்டாம். நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் மிகுதி என்பதால், விரலில் குத்தி அடிக்கடி பார்ப்பதும் இன்சுலின் போடுவதும் வழக்கந்தான். கரைசல் மிகச் செறிவானதாயின் கையிலுள்ள சிறிய சிரை தாங்காது. கழுத்து அல்லது மார்புப் பக்கத்துப் பெரிய சிரையில் குழாய் வைப்பார்கள். அந்தக் குழாய் வழியாகக் கிருமி புகுவதுதான் பெரிய அபாயம். குளிர்க்காய்ச்சல் கண்டால் உடனே சொல்லுங்கள்.

இனி விரதம். கொழுப்புப் பால்மத்தின் எண்ணெய் பெரும்பாலும் சோயா; ஆனால் அதை நீருடன் கலக்கவைப்பது முட்டை மஞ்சட்கருவிலிருந்து எடுத்த பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருள். சில வகைகளில் மீனெண்ணெயும் உண்டு. முட்டை, சோயா, மீன் ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒவ்வாமை இல்லை, விரதம் மட்டுமே காரணம் என்றாலும் தயங்காமல் கேளுங்கள். கொழுப்பில்லாத பை சில நாட்களுக்குச் சாத்தியமா என்று பார்ப்பார்கள். வாரக்கணக்கில் கொழுப்பே இல்லாமல் விட்டால் உடலால் தானே உருவாக்க முடியாத லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் குறைந்து தோல் செதிலாக உரியும், புண் ஆறத் தாமதமாகும். ஆகவே சிகிச்சை நீளுமானால் இந்த ஆண்டு விரதத்தைத் தளர்த்திக்கொள்ளலாம் என்பதே என் கருத்து, முடிவு சித்தியுடையது.