பண்டிகை சீசன்ல கிராபிக் டிசைன் நியூஸ், இன்ஸ்பிரேஷன் எல்லாம் எங்க பாக்குறீங்க? டிசம்பர் வந்தாலே எனக்கு ஐடியா காலியாயிருது

தீபாவளி முடிஞ்ச கையோட கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல்னு ஆர்டர் வருது, பின்டரெஸ்ட்ல தேடுனா எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு கேட்டிருக்கீங்க. அதுலயே பாதி பதில் இருக்கு. நான் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் சின்னதா ஒரு டிசைன் கடை வச்சிருக்கேன், 14 வருஷமாச்சு, கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஃப்ளெக்ஸ், கிறிஸ்துமஸ் கார்டு, காலண்டர், இப்ப வாட்ஸப் ஸ்டேட்டஸ் போஸ்டர் வரைக்கும் எல்லாம் செய்யுதோம். டிசம்பர்ல எனக்குத் தூக்கமே நாலு மணி நேரம்தான், அதனால கோர்வையா எழுத வராது, நடந்ததைச் சொல்லுதேன்.

மொதல்ல இந்த நியூஸ் சமாச்சாரத்தை முடிச்சிருவோம். வருஷா வருஷம் டிசம்பர் மொத வாரம் ஆனா பான்டோன்காரங்க (கலருக்கெல்லாம் நம்பர் போட்டு வகைப்படுத்துற கம்பெனி) அடுத்த வருஷத்துக் கலர் இதுதான்னு அறிவிப்பாங்க, 2000-ம் வருஷத்துக்கு செருலியன்னு ஒரு வானநீலத்துல ஆரம்பிச்சது, இன்னும் நிறுத்தல. 2025-க்கு மோக்கா மூஸ், பாத்தா கருப்பட்டிக் காப்பில கொஞ்சம் பால் விட்ட கலர், அது எனக்குப் பிடிச்சுது. 2025 டிசம்பர்ல 2026-க்கு கிளவுட் டான்சர்னு ஒண்ணு அறிவிச்சாங்க, பேரு பெருசா இருக்கேன்னு போய்ப் பாத்தா வெள்ளை. ஆமா, வெள்ளை. எங்க ப்ரெஸ் அண்ணாச்சிட்ட போய்ச் சொன்னேன், அவரு மெஷின்ல பிளேட் மாட்டிக்கிட்டே தலையைக் கூடத் திருப்பாம "அதுக்கு இங்க் எதுக்குடே, பேப்பர்க்காரன்ட்ட சொல்லு"ன்னுட்டாரு. அவரு சொல்றது சரிதான, ஃபோர் கலர் ஆஃப்செட்ல நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு நாலுதான் இருக்கு, வெள்ளைங்கறது பேப்பரோட கலர். அதுவும் நம்ம கஸ்டமருக்கு வெள்ளை எடம்னாலே குடுத்த காசு வீணாப் போற மாதிரி, "இந்த மூலை சும்மாத்தான கெடக்கு, ரெண்டு பெல் படம் போட்டு விடுங்க"ம்பாங்க. துணிக்காரங்க, பெயிண்ட் கம்பெனிக்காரங்களுக்கு வேணா அந்த அறிவிப்பால பிரயோஜனம் இருக்கலாம்.

அப்புறம் ஸ்பாட்டிஃபை ராப்ட், அதாவது அந்த வருஷம் பூரா நீங்க என்ன பாட்டுக் கேட்டீங்கன்னு பாட்டு ஆப்காரங்க கணக்குப் போட்டுக் காட்டுற கார்டு, 2016-லருந்து வருது, அது வந்த மறுநாளே இங்க ஒரு ஜவுளிக்கடை ஓனர் அதே மாதிரி எங்க கடைக்கும் ஒண்ணு போடுங்கன்னு வந்து நிப்பாரு, என்ன கணக்கைப் போடன்னு கேட்டா அது உங்க இஷ்டம்பாரு. 2024-ல கோகோ கோலா அவங்களோட பழைய கிறிஸ்துமஸ் லாரி விளம்பரத்தை ஏஐ வச்சுத் திரும்ப எடுத்து விட்டாங்க, டிசைன் பண்றவங்க எல்லாம் காறித் துப்பாத குறை, 2025-லயும் அதையேதான் செஞ்சிருக்காங்க. இதே கம்பெனிக்கு 1931-ல ஹேடன் சண்ட்ப்ளாம்னு ஒரு ஓவியர் ஆயில் பெயிண்ட்ல கிறிஸ்துமஸ் தாத்தாவை வரைஞ்சு குடுத்தாரு, கன்னத்துல சிரிப்புச் சுருக்கம் வரைக்கும் தெரியும், இன்னைக்கு உலகம் பூரா தாத்தான்னா மனசுல வர்ற மூஞ்சி அதுதான். அந்தப் படங்களை மட்டும் தேடிப் பாருங்க, அது பாக்க வேண்டியது. மத்த நியூஸ் எல்லாம் டீக்கடையில பேசிக்கிட்டு இருக்கத்தான் லாயக்கு, அதைப் படிச்சுட்டு ஃபைலைத் தொறந்தா கை ஓடாது. எனக்கு ஓடுனதில்ல.

எனக்கு எப்படி உறைச்சுதுன்னா, 2023 டிசம்பர்.

ஒரு சேகரத்துக்கு (சிஎஸ்ஐ சபையில ஒரு போதகருக்குக் கீழ உள்ள வட்டாரம்) 500 கிறிஸ்துமஸ் கார்டு ஆர்டர். நான் எப்பவும் போல நெட்லருந்து ஒரு ரெடிமேட் ஸ்டாக் படத்தை எறக்கி, பைன் மரம், ஓட்டு மேல பனி, கலைமான் வண்டி, கீழ வசனம், முடிச்சு சிவகாசிக்கு அனுப்பிட்டேன், 300 ஜிஎஸ்எம் கனத்துல ஆர்ட் போர்டு (பூச்சுப் போட்ட வழவழ அட்டை), லேமினேஷன் வேண்டாம் ரேட்டு கூடும்னு சொல்லிட்டாவ. பார்சல் சனிக்கிழமை வந்துச்சு. ஞாயித்துக்கிழமை, அதாவது 17-ந் தேதி, மழை பிடிச்சுது பாருங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர், தாமிரபரணி ரெண்டு கரையையும் தாண்டிட்டு, ஜங்ஷன் பூரா தண்ணி, என் கடைக்குள்ள இடுப்பளவு. நாலு நாள் கழிச்சு ஷட்டரைத் தூக்குனா கார்டுக் கட்டு தரையில கெடக்கு. ஆர்ட் பேப்பர் நனைஞ்சு காஞ்சா என்ன ஆகும்னு தெரியும்லா, மேல உள்ள பூச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும், பிரிச்சா படம் எதிர்ப்பக்கத்துக் கார்டோட உரிஞ்சு போயிரும். 500 கார்டும் செங்கல் மாதிரி அஞ்சாறு கட்டியா இருந்துச்சு.

ஐயர் வந்தாவ. (வெளியூர்க்காரங்களுக்கு: எங்க பக்கம் சிஎஸ்ஐ சபையில போதகரை ஐயர்னுதான் சொல்வோம், குழம்பிக்கிடாதீங்க.) பேண்ட்டை முட்டு வரைக்கும் மடிச்சு விட்டிருந்தாவ, நிவாரண அரிசி குடுத்துட்டு வர்ற வழி. நான் ஒரு கட்டியை எடுத்துக் காமிச்சு மன்னிப்புக் கேட்டேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "தம்பி, நமக்கு என்னைக்குடே பனி பெஞ்சுது?"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாவ. கோவமெல்லாம் இல்ல, நெசமாவே யோசிச்சுக் கேட்ட மாதிரி இருந்துச்சு. எனக்கு அது நாலு நாளைக்கு மண்டைக்குள்ளயே ஓடுச்சு.

அப்பத்தான் உக்காந்து தேடிப் பாத்தேன், இந்தப் பனி எங்கருந்து வந்துச்சுன்னு. உலகத்துலயே மொத மொத அச்சடிச்ச கிறிஸ்துமஸ் கார்டுன்னு சொல்றது 1843, லண்டன்ல ஹென்றி கோல்னு ஒருத்தர், வர்ற லெட்டருக்கெல்லாம் பதில் எழுத நேரம் இல்லாம ஓவியர் ஜான் ஹார்ஸ்லிகிட்ட சொல்லி வரைஞ்சு வாங்குனது, 1000 காப்பி, ஒண்ணு ஒரு ஷில்லிங். அந்தப் படத்துல பனி இல்ல, மான் இல்ல, தாத்தாவும் இல்ல. நடுவுல ஒரு குடும்பம் மேசையைச் சுத்தி உக்காந்து ஒயின் குடிக்குது, ரெண்டு பக்கமும் ஏழைகளுக்குச் சாப்பாடும் துணியும் குடுக்குற படம். குழந்தைக்கு ஒயின் குடுக்குற மாதிரி இருக்குன்னு அப்பவே சண்டையாம். பாத்துக்கோங்க, அவரு அவரு வீட்டுல நடக்குறதைத்தான் வரைய வச்சிருக்காரு.

2024-ல அதே சேகரத்துக்கு மழை வரைஞ்சேன். மழையில கேரல் ரவுண்ட்ஸ் போறவங்க, ஒரு கருப்புக் குடைக்குள்ள நாலு பேரு, குடைக்கு சிவப்புக் கரை, ஒருத்தன் கிட்டாரை லுங்கியில சுத்திக் கட்டி வச்சிருக்கான், வீட்டு முன்னால காகித ஸ்டார் தொங்குது, அது மேல பாலிதீன் கவர். அந்தக் கவரை வரையத்தான் ரெண்டு நாள் ஆச்சு. எங்க தெருவுல எல்லா ஸ்டாருக்கும் கவர் உண்டு, வடகிழக்குப் பருவமழைக்கு வேற வழி இல்ல, உள்ள பல்பு எரியும்போது பிளாஸ்டிக் மேல உக்காந்திருக்குற தண்ணிச் சொட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு குட்டி சிவப்பு தெரியும். 14 வருஷமா அதுக்குக் கீழதான் வண்டியை நிறுத்துதேன், பாத்ததில்ல. கார்டு வந்ததும் சபையில எல்லாரும் சொன்னது படம் நல்லாருக்குன்னு இல்ல, "அது நம்ம வீட்டு ஸ்டாருல்லா"ன்னுதான்.

அதுலருந்து நான் டிசம்பர்ல ஸ்க்ரோல் பண்றதைக் குறைச்சுட்டு காலையில ஒரு ரவுண்டு நடக்கேன். டிசம்பர் நடுவுல மார்கழி பொறந்துரும், அப்புறம் பாளையங்கோட்டையில ஏதாவது ஒரு சின்னத் தெருவுக்குள்ள அஞ்சரை மணிக்குப் போங்க. பச்சைச் சாணி உருண்டையில சொருகுன பூசணிப்பூ, சுத்தி வெள்ளைக் கோலம், வெளிய காவிக் கரை, அடியில சாணி தெளிச்ச ஈரத் தரை. இதை விட ஒரு பொங்கல் கலர் காம்பினேஷன் எந்த வெப்சைட்டுலயும் எனக்குக் கிடைக்கல. அந்தப் பூவோட மஞ்சளை மெஜந்தா 30, மஞ்சள் 100-னு வச்சு அடிச்சா கிட்டத்தட்ட அப்படியே வந்துரும், மானிட்டர்ல மின்னுற பச்சையை நம்பி ஏமாந்து ப்ரெஸ்ல அழுக்குப் பச்சையா வாங்கிட்டு வர்ற கதை இங்க கெடையாது.

எங்க அம்மாட்ட ஒரு கோல நோட்டு இருக்கு, கட்டம் போட்ட கணக்கு நோட்டு, ஒவ்வொரு பக்கத்து மூலையிலயும் "15 இடைப்புள்ளி 8-ல நிறுத்து"ன்னு எழுதியிருக்கும். அதாவது நடு வரிசை 15 புள்ளி, மேலயும் கீழயும் 14, 13-னு ஒவ்வொண்ணாக் கொறைஞ்சு 8-ல நிக்கும், ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையோட சந்துல விழும், மொத்தம் 169 புள்ளி (எண்ணிப் பாத்துட்டேன், அம்மா சிரிச்சா). கிரிட் சிஸ்டம்னு, பக்கத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு அடுக்குறதை, நமக்கு கோர்ஸ்ல ஆறு மாசம் சொல்லிக் குடுத்தாங்களே அதுதான் இது, குறிப்பு மட்டும் நாலு வார்த்தை. போன பொங்கலுக்கு ஒரு பாத்திரக்கடைப் பைக்கு அந்த 169 புள்ளியை மட்டும் வச்சு ஒரு பேட்டர்ன் போட்டேன், பானை, கரும்பு, மாடு எதுவும் இல்லாம. ஓனருக்கு மனசே இல்ல, கரும்பு இல்லாம எப்படிப் பொங்கல்னாரு, கடைசியில கைப்பிடிகிட்ட சின்னதா ஒரு கரும்பு வச்சு ஒத்துக்கிட வச்சேன். அல்வாவை வரையச் சொல்ற கஸ்டமரை விட இவரு எவ்வளவோ தேவலை.

காலண்டரைப் பத்திச் சொல்லாம விட்டா சிவகாசிக்காரங்க கோவிச்சுக்கிடுவாங்க. நாம டிசம்பர் சீசன்னு சொல்லுதோம், அவங்களுக்கு சீசன் ஆடி 18-லயே ஆரம்பிச்சுரும், அன்னைக்குத்தான் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவாங்க, 2025-ல அது ஆகஸ்ட் 3-ல வந்துச்சு. அந்த ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்க, அதுல உள்ள சாமி முகம் எல்லாம் எங்கருந்து வருதுன்னு தேடிப் போனா கோவில்பட்டியில போய் நிக்கும். சி. கொண்டையராஜு, 1898-ல பொறந்து 1976 வரைக்கும் இருந்தவரு, நாடகக் கம்பெனிக்கு சீன் வரைஞ்சவரு, அவரும் அவரு சிஷ்யப் பிள்ளைகளும் வரைஞ்ச லட்சுமியும் முருகனும்தான் தமிழ்நாட்டுல பாதி வீட்டுப் பூஜை ரூம்ல இருந்துச்சு. அப்ப கோவில்பட்டி திருநெல்வேலி ஜில்லாதான், 1986-லதான் தூத்துக்குடி தனியாப் பிரிஞ்சுது, அதனால அவரை எங்க ஊருக்காரருன்னு சொல்லிக்கிட எனக்கு உரிமை உண்டு. அந்தச் சாமிகளுக்குப் பின்னால உள்ள மேகத்தையும் படிக்கட்டையும் பாருங்க, நாடக மேடைப் படுதாவேதான்.

ஆனா எனக்கு அதை விடப் பிடிச்சது தினசரி கிழிக்கிற தாள். கையகலத் தாள்ல இங்கிலீஷ் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம், திதி, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், பன்னெண்டு ராசிக்கும் ஒவ்வொரு வார்த்தை. எங்க ஆச்சி கண்ணாடி போடாம முத்தத்துல நின்னே தேதியைச் சொல்லிருவா, ஞாயித்துக்கிழமைன்னா சிவப்புன்னு தெரியும், கிட்டப் போய்ப் பாத்தா ராகு காலம். ஒரே தாள்ல மூணு தூரத்துக்கு மூணு சைஸ் எழுத்து. நம்ம ஆளுங்க போடுற ஆப் ஸ்கிரீனுக்கு இதுல பாதி தெளிவு இருந்தாப் போதும். உங்களுக்கு ஐடியா வறண்டா ஒரு தாளைக் கிழிச்சு அதே அளவுல, எதையும் விடாம, நீங்களே ஒருக்கா லேஅவுட் போட்டுப் பாருங்க, மத்தியானத்துக்குள்ள வேர்த்துரும்.

ஒரு விஷயம் மட்டும் டெக்னிக்கலா. இப்ப கஸ்டமரே ஏஐ-ல படம் போட்டுக் கொண்டு வாராங்க, படம் பளபளன்னு இருக்கும், கீழ "வாழ்த்துகள்"னு இருக்க வேண்டிய எடத்துல தமிழ் மாதிரியே ஒரு எழுத்து, தமிழும் இல்ல மலையாளமும் இல்ல. அதை அப்படியே ஃப்ளெக்ஸ் அடிச்சுக் கட்டுன கடையெல்லாம் எங்க ஊர்லயே ரெண்டு இருக்கு. எழுத்தை நீங்களே போடுங்க. ஆனா சாஃப்ட்வேர்லயும் கண்ணு வேணும், இன்டிசைன்ங்கற லேஅவுட் சாஃப்ட்வேர்ல வேர்ல்ட்-ரெடி கம்போசர் (நம்ம மொழி எழுத்தைச் சரியாச் சேக்குற செட்டிங்) ஆன்ல இல்லேன்னா யூனிகோடுத் தமிழ்ல கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமா நிக்கும், நாம ராத்திரி ரெண்டு மணிக்கு அதைக் கவனிக்கவே மாட்டோம். ப்ரெஸ்ல இன்னும் பாமினிங்கற பழைய, யூனிகோடு இல்லாத ஃபான்ட்லதான் மேட்டர் கேப்பாங்க, கேட்டா குடுத்துருங்க, கர்வ்ஸ் ஆக்கி, அதாவது எழுத்தைக் கோட்டுப் படமா மாத்தி, அனுப்புனா அந்தச் சண்டையே வராது. எப்பவும் அதே ஃபான்ட்டான்னு அலுத்துப் போனா கூகுள் ஃபான்ட்ஸ்ல அநேக் தமிழ், முக்த மலர், கவிவனர் மூணும் சும்மாவே கிடைக்குது, கவிவனர் கார்டுக்கு நல்லாருக்கும். அப்புறம் "வாழ்த்துக்கள்"னு க் போட்டு அடிச்சிராதீங்க, போட்டா பாளையங்கோட்டையில ஏதாவது ஒரு ரிட்டயர்டு தமிழ் சார் போன் போட்டு அரை மணி நேரம் இலக்கணம் எடுப்பாரு. அனுபவம்.

2025 கிறிஸ்துமஸுக்கும் ஐயர் அந்த மழைக் கார்டையே கேட்டிருக்காவ, லேமினேஷனோட. குடையோட கலரை மட்டும் மாத்தணுமாம், கருப்புல சிவப்புக் கரை போட்டா ஒரு கட்சிக் கொடி மாதிரி இருக்குன்னு கமிட்டியில ஒருத்தர் சொல்லிட்டாரு, 2026-ல எலெக்‌ஷன் வருதுல்லா. நேத்து ராத்திரிலருந்து எந்தக் கட்சியும் எடுக்காத ரெண்டு கலரைத் தேடிக்கிட்டு இருக்கேன், இன்னும் கிடைக்கல, பேசாம அந்த பான்டோன் வெள்ளையையே போட்டு விட்டுரலாமான்னு பாக்கேன்.